ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991இல் ஆர்கேட் கூடங்களுக்காக வெளியிட்ட சண்டை விளையாட்டு. 1987இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ விளையாட்டின் தொடர்ச்சி. பெரும்பாலும் எந்திரத்தோடு மோதும் ஆட்டமாக இருந்ததை, இரண்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் கணித்து மோதும் ஆட்டமாக மாற்றியதே இதன் சாதனை.

தகாஷி நிஷியாமா இயக்கிய முதல் விளையாட்டில் ஆடக் கிடைத்தவர் ரியூ மட்டுமே. இரண்டாம் ஆட்டக்காரர் சேர்ந்தால் கென். இருவரின் அடிகளும் ஒன்றே. ஒரு வகை எந்திரத்தில் பொத்தான்களுக்குப் பதில் பெரிய திண்டுகள் இருந்தன; எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு பலமாகத் திரையில் அடி விழும். ஹடோகென் போன்ற சிறப்புத் தாக்குதல்களை வரவழைப்பது மிகக் கடினம். வந்துவிட்டாலோ, அதுவே சண்டையை ஏறக்குறைய முடித்துவிடும்.

நிஷியாமா எஸ்என்கே நிறுவனத்துக்குச் சென்றபின், தொடர்ச்சியை அகிரா நிஷிதானியும் அகிரா யசுதாவும் வடிவமைத்தனர். எட்டு வீரர்கள், எட்டு விதமான சண்டை. இந்தியரான தால்சிம் கைகால்களை நீட்டித் தொலைவிலிருந்தே அடிப்பார். சாங்கீஃப் நெருங்கிப் பிடித்தால்தான் ஆபத்தானவர். கைல் சற்றுப் பின்வாங்கிக் காத்திருந்தே தாக்குதலை ஏவ முடியும். குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பொத்தான்கள். மெல்லிய அடி விரைவாக விழும், பலத்த அடிக்கு நேரமாகும். ஆகவே ஒவ்வோர் அடியும் ஒரு முடிவாயிற்று. தடுத்துக்கொண்டே நிற்பவரைப் பிடித்துத் தூக்கியெறியும் வழியும் புதிதாக வந்தது.

சிறப்புத் தாக்குதலுக்கான ஜாய்ஸ்டிக் அசைவில் இம்முறை தாராளம் காட்டினார்கள். அதிலிருந்து யாரும் திட்டமிடாத ஒன்று பிறந்தது: ஓர் அடி முடியுமுன் அதை வெட்டி அடுத்ததைத் தொடுத்தால், எதிரியால் இடையில் தடுக்க முடியாது. காரை நொறுக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்தபோது தயாரிப்புக் குழுவின் நோரிதகா ஃபுனமிசு இதைக் கவனித்தார். சாதாரண ஆட்டக்காரருக்கு எட்டாது என்று கருதி அப்படியே விட்டுவைத்தார்கள். ‘காம்போ’ எனப் பெயர்பெற்று, பின்வந்த சண்டை விளையாட்டுகளின் இலக்கணமாகவே ஆனது அதுதான்.

1992இல் வந்த ‘சாம்பியன் எடிஷன்’, அதுவரை எந்திரம் மட்டுமே இயக்கிய நான்கு வில்லன்களையும் ஆடத் தந்தது; இருவரும் ஒரே வீரரைத் தேர்ந்தெடுக்கவும் விட்டது. அதே ஆண்டின் டர்போ பதிப்பு வேகத்தைக் கூட்டியது. 1993இன் ‘சூப்பர்’ பதிப்பு காம்போக்களை எண்ணிப் புள்ளி தரத் தொடங்கியது. 1994இன் ‘சூப்பர் டர்போ’, அடிக்க அடிக்க நிரம்பும் ஓர் அளவுகோலையும், அது நிறைந்ததும் ஏவத்தக்க சூப்பர் காம்போவையும் சேர்த்தது; தூக்கியெறியப்படுபவர் சுதாரித்து இழப்பைக் குறைத்துக்கொள்ளவும் வழிசெய்தது.