மலைநாட்டு நிலக்காட்சியும் அதிலுள்ள மனிதரும்

மலையைப் படம்பிடிப்பது எளிதென்று எண்ணுவோர் அதனை ஒரு முறையேனும் முயன்று பாராதவராகவே இருத்தல் வேண்டும். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில் அக்குறணையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் அலவத்துகொட வருகின்றது. வீதிக்குக் கீழே படிப்படியாக இறங்கும் வயல்கள். வயலோரத்தில் பலாவும் கமுகும் கித்துளும் மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் செறிந்த வீட்டுத் தோட்டங்கள். அவற்றுக்கு மேலே மலை. மூடுபனி கலையும் காலை வேளையில் இக்காட்சியைக் கண்டு நின்ற எவருக்கும் அதனைப் படமாக்கிக்கொள்ளும் ஆசை எழுவது இயல்பு. நானும் மூன்று முறை முயன்றேன். கண்ணுக்குப் பத்து வகைப் பச்சையாகத் தோன்றியது படத்தில் ஒரே பச்சைத் திரளாகக் கிடந்தது. வானம் வெளுத்துப்போயிற்று. மலை தன் உயரத்தை இழந்து ஒரு மேடாயிற்று.

இத்தோல்விக்குக் காரணம் தேடியபோதுதான் மலைநாட்டைப் படம்பிடித்த முன்னோர்களின் வரலாற்றுக்குள் புக நேர்ந்தது. இவ்விடர்களை அவர்கள் எனக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டிருந்தனர், பெரும்பாலானவற்றை வென்றுமிருந்தனர். அவர்கள் வென்ற முறையினையும், அவ்வெற்றிக்குள் அடங்கிக் கிடக்கும் ஒரு குறையினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைக் காட்சிகளைத் தொகுதியாகப் படம்பிடித்தவருள் முற்பட்டவராகக் குறிப்பிடத்தக்கவர் பிரெடரிக் பீபிக். கல்கத்தாவில் தொழில் புரிந்த இவர் 1852இல் இங்கு வந்து எடுத்த காகிதப் படங்கள் கையால் நிறந்தீட்டப்பட்டவை. கமரா தராத பசுமையைத் தூரிகை தந்தது எனலாம். அதற்கு முந்திய ஆண்டில், 1851இல், இங்கிலாந்தில் பிரெடரிக் ஸ்கொட் ஆச்சர் ஈரக் கொலோடியன் முறையினை வெளியிட்டிருந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மலைநாட்டை உலகிற்குக் காட்டியது அம்முறையே.

அம்முறையின் கடினத்தை இன்று கைபேசியை நீட்டிப் படம்பிடிக்கும் நாம் உணர்வது அரிது. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பசைநீர்மத்தை ஒரே சீராக ஊற்றிப் பரப்புதல் வேண்டும். பின் இருட்டில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் கமராவில் இட்டுப் படம்பிடித்து, உடனே இருட்டுக்குள் மீண்டு உருத்துலக்குதல் வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஏறத்தாழப் பத்து நிமிடம். வெப்ப நாட்டில் அதனினும் குறைவு. ஆதலால் படப்பிடிப்பாளன் சென்ற இடமெல்லாம் இருட்டறையும் கூடவே சென்றது. கூடாரம், முக்காலி, கண்ணாடித் தகட்டுப் பெட்டிகள், இரசாயனப் போத்தல்கள், கழுவுவதற்கு நல்ல நீர் இவ்வளவும் மலையேறின. படப்பிடிப்பாளன் இவற்றைத் தானே சுமந்திருப்பான் என்று எவரும் எண்ணார். சுமந்தவர் பெயர் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை.

சுமை ஒரு பக்கம் இருக்க, பசுமை என்னும் இடர் இன்னும் பெரிதாக இருந்தது. கொலோடியன் தகடு நீல ஒளியையும் ஊதா ஒளியையுமே விரைந்து ஏற்கும். பச்சையையும் சிவப்பையும் அது பெரும்பாலும் காண்பதில்லை. ஆகவே வானத்திற்குப் போதிய அளவு ஒளி விட்டால் காடு கருமைத் திரளாகும். காட்டின் இலைகள் புலப்பட ஒளி விட்டால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகும். நொடிக்கணக்கில் கமராவின் வாயைத் திறந்து வைக்க வேண்டியிருந்தமையால், காற்றசைந்தால் கமுகோலை புகைபோலக் கலங்கும். ஐரோப்பாவில் குஸ்தாவ் லெ கிரே போன்றோர் முகிலுக்கு ஒரு தகடும் கடலுக்கு ஒரு தகடுமாக எடுத்து இரண்டையும் ஒரே தாளில் இணைத்தனர். சாயமூட்டித் தகட்டைப் பிற நிறங்களுக்கும் உணர்வுடையதாக்கலாம் என்று ஜெர்மனிய அறிஞர் ஃபோகல் கண்டது 1873இல். எல்லா நிறங்களையும் உணரும் தகடு கடைக்கு வந்ததோ 1906இல்தான். அதுவரை கண்டிப் பசுமையை நம்மவர் கண் கண்டதுபோலக் காட்டும் தகடு உலகில் இருக்கவில்லை.

இத்தடைகளுக்கிடையே மூவர் பெயர் தனித்து நிற்கின்றது. முதலாமவர் டபிள்யூ. எல். எச். ஸ்கீன். அரசாங்க அச்சகத் தலைவராயிருந்த வில்லியம் ஸ்கீனின் மகன். இலண்டனில் தொழில் கற்று 1860களின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தவர். 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதையின் அமைப்பு வேலைகளையும், பின்னர் கோப்பி, தேயிலைத் தோட்டங்களையும் ஸ்கீன் கலையகம் படம்பிடித்தது. இரண்டாமவர் ஜோசப் லோட்டன். 1860களில் கண்டியைத் தளமாகக்கொண்ட இவரை, தேசாதிபதி சேர் ஹேர்கியூலிஸ் றொபின்சன் காலத்துத் தொல்லியற் குழு 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், மிகிந்தலை, பொலனறுவை, சிகிரியா ஆகிய இடங்களைப் படம்பிடிக்கப் பணித்தது. நோயுற்று நாடு திரும்பிய லோட்டன் 1872இல் இறந்தார். மூன்றாமவர் சார்ள்ஸ் ஸ்கோவன். 1870களில் கண்டியில் கலையகம் நடத்திய இவரே, என் கருத்தில், மூவருள்ளும் மலைநாட்டுத் தாவரத்தை நன்கறிந்தவர்.

ஸ்கோவன் காலத்துப் படங்களைக் கூர்ந்து நோக்கினால் கலைநுட்பம் ஒவ்வொன்றாகப் புலனாகும். நண்பகல் ஒளியைத் தவிர்த்துப் பக்கவாட்டில் சாயும் ஒளியில் எடுத்தால், ஒவ்வோர் இலையும் தன் நிழலால் அயல் இலையினின்று பிரியும். நிறத்தால் பிரிக்க இயலாததை நிழலால் பிரித்தனர். மூடுபனியைக் குறையாகக் கொள்ளாது துணையாகக் கொண்டனர்: முன்மலை கருமை, அடுத்தது சாம்பல், அதற்கப்பாலுள்ளது ஏறக்குறைய வெண்மை எனத் தூரம் படியிறங்கியது. வெறுமையான வானத்தைக் குறைக்கக் கமராவைத் தாழ்த்தி, முன்னிலத்தில் ஒரு மரத்தையோ ஆற்றையோ நிறுத்தினர். பேராதனைப் பூங்காவின் மூங்கிற் புதர்களும், வேர் விரித்து நிற்கும் இறப்பர் அத்திமரங்களும், 1833இல் மகாவலியின் குறுக்கே 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவாக எழுந்த முதிரை மரப்பாலமும் மீண்டும் மீண்டும் படமானமைக்கு அழகு மட்டும் காரணமன்று. அவை வடிவம் தெளிவானவை. அலவத்துகொடவில் நான் செய்த பிழை இப்பொழுது விளங்கியது. உச்சிவெயிலுக்குச் சற்று முன், முன்னிலத்தில் எதுவுமின்றி, பாதிப் படத்தை வானத்துக்குக் கொடுத்திருந்தேன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மலை எவ்வளவு உயரம், மரம் எவ்வளவு பருமன் என்பதைப் பார்ப்போன் அறியும் பொருட்டு அதனருகே ஒரு மனிதனை நிறுத்துதல். லோட்டன் இடிபாடுகளின் அருகே ஆட்களை நிறுத்தினார். தொல்லியல் நோக்கில் அது தேவையானதே. ஆனால் தோட்டக் காட்சிகளில் அவ்வழக்கம் வேறொரு பொருளைப் பெறுகின்றது. வெட்டிச் சாய்த்த காட்டின் அடிக்கட்டைகள், வரிசை வரிசையாகக் கோப்பிச் செடி, துரையின் பங்களா, அதற்கப்பால் லயம். எங்கோ ஒரு சரிவில் தலைப்பாகையுடன் ஒருவர், அல்லது கூடையுடன் சிலர். படத்தில் அவர்கள் விரல்நுனி அளவினர். அவர்கள் முகம் காட்ட நிறுத்தப்பட்டவரல்லர். மலையின் உயரத்தை அளந்து காட்ட நிறுத்தப்பட்டவர்.

அம்மலையின் தோற்றத்தை ஆக்கியவர் எவர்? 1830கள் தொடங்கிக் காட்டை வெட்டியதும், 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டு அப்பயிர் அழிந்த பின் அதே சரிவில் தேயிலை நட்டதும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே. மன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு அவர்கள் நடந்தனர். வழியிலேயே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் இறந்தோர் பலர். மாத்தளையிலிருந்து கண்டி நோக்கி நடந்தோர் இந்த வீதியைத்தான் பிடித்திருத்தல் வேண்டும். படப்பிடிப்பாளர் அழகெனக் கண்ட அச்சீரான வரிசைகள் ஒவ்வொன்றும் ஒருவர் கைபட்ட வரிசை. எனவே அத்தோட்டக் காட்சியை இயற்கைக் காட்சி என வழங்குதலே ஆராயத்தக்கது.

இவ்வழக்கிற்கு விலக்காக ஒருவரைக் கூறலாம். யூலியா மார்கிரட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் முகப்படங்களுக்குப் புகழ் பெற்று, 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்குடன் இணைத்து நாம் வரலாற்று நூல்களிற் படிக்கும் அதே கமரன். இராசகாரிய முறையை ஒழிக்க வழிவகுத்த அவ்வாணைக்குழுவின் உறுப்பினர் பின்னர் மலைநாட்டுத் தோட்டங்களின் சொந்தக்காரருமானார்! அம்மையார் இங்கு எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவர் மலையை நாடவில்லை; அருகே சென்று உழைப்பாளரின் முகத்தை எடுத்தார். எனினும் அம்முகங்களுக்கும் பெயரில்லை. பொதுத் தலைப்பே உண்டு. 1877இல் களுத்துறையில் அவருடன் தங்கிய ஓவியர் மரியான் நோர்த்துக்குப் பெயர் இருக்கின்றது. 1879 சனவரியில் டிக்கோயாவில் இறந்த அம்மையார் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்காவில் கார்ல்டன் வொட்கின்ஸ் 1861இல் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கைப் பெருந்தகடுகளிற் படம்பிடித்தார். 1864இல் அந்நிலம் காக்கப்படுவதற்கு அப்படங்களும் துணைபுரிந்தன. மனிதர் கால்படாத தூய நிலமாக உலகம் அதனை வியந்தது. அங்கு வாழ்ந்த பழங்குடியினரைப் படையொன்று புகுந்து துரத்தியது 1851இலேயாம்.

தமிழ் மாணவனொருவன் இவ்விடத்தில் திணைக் கோட்பாட்டை நினையாதிருத்தல் இயலாது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் கூறவில்லை; நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே கூறுகின்றது. பக்கவாட்டு ஒளிக்காகக் காத்திருந்த ஸ்கோவன் பட்டறிவால் கண்டடைந்ததும் பொழுதின்றி நிலம் இல்லை என்பதையே. (குறிஞ்சிக்கு யாமத்தை வகுத்தமை படப்பிடிப்பாளனுக்குச் சற்று இடர் தருவதுதான்.) கருப்பொருளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் என்பவற்றோடு அந்நிலத்து மாந்தரின் தொழிலையும் அந்நூல் எண்ணுகின்றது. தொழிலை நீக்கினால் திணை நிரம்பாது. சங்கப் புலவர் காட்டியதும் புனைந்துரைத்த உலகமே என்றும், உழைப்போரின் துன்பத்தை அதுவும் முழுமையாகச் சொல்லவில்லை என்றும் மறுக்கலாம், அம்மறுப்பு நியாயமானதே. எனினும் மனிதனை அளவுகோலாக மட்டும் வைத்து ஒரு நிலத்தைக் காட்டும் வழக்கம் அம்மரபில் இல்லை.

1890இல் தொடங்கிய பிளேட் நிறுவனம் முதலானவை அஞ்சலட்டைகளில் மலைநாட்டை உலகெங்கும் அனுப்பின. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் இப்போது அருகே வந்தாள். ஆனால் ஒரு வகைமாதிரியாகவே வந்தாள். லயனல் வென்ட் 1930களில் இக்கலையை வேறொரு தளத்துக்கு உயர்த்தினார்; 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கம் உருவாவதிலும் அவருக்குப் பங்குண்டு. மனித உடலுக்கும் ஒளிக்கும் அவர் தந்த மதிப்பு தனியாக ஆராயத்தக்கது. 1944இல் அவர் இறந்தார்.

தோட்டத் தொழிலாளரின் முகத்தை நேராக நோக்கிய படம் ஒன்று மட்டும் பெருந்தொகையாக எடுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைக் கணக்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவது. இந்தியாவுக்குச் செல்வோருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் புகைப்படம் வேண்டும். மலையோடு சேர்த்து எடுத்த படத்தில் முகமில்லாதிருந்தவருக்கு, மலையை விட்டுப் போவதற்கான படத்தில் முகம் வந்தது. அப்படத்தின் பின்னணியில் மலை இல்லை, வெறுந்திரையே இருந்தது.

நான்காம் முறை அலவத்துகொடவுக்குச் சென்றபோது காலை ஏழு மணிக்கே சென்றேன். ஒளி பக்கவாட்டில் விழுந்தது. பனி மலையை அடுக்கடுக்காகப் பிரித்திருந்தது. வீதியோரத்து முற்றமொன்றில் முதிய தமிழ்ப் பெண்ணொருவர் சாக்கு விரித்து மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். முன்னிலத்துக்கு அவர் மிகப் பொருத்தமாக இருந்தார் என்பதை மறைப்பானேன். நான் கமராவை உயர்த்தியதும் அவர் சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “மலையையா தம்பி எடுக்குறீங்க? நான் அந்தப் பக்கமா ஒதுங்கிக்கிறேன்” என்றார்.

ஒதுங்க வேண்டாம் என்றும், அவரையும் சேர்த்தே எடுக்க விரும்புகின்றேன், சம்மதமா என்றும் கேட்டேன். அவர் சிறிது யோசித்தார். பின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “எடுங்க. ஆனா மூஞ்சி தெரியுமா?” என்று கேட்டார். நான் நின்ற இடத்திலிருந்து தெரியாது. பத்தடி முன்னே சென்றேன். மலையின் உச்சி படத்துக்கு வெளியே போயிற்று. அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அதனை இங்கு அச்சிட அவர் விரும்பவில்லை. படத்தின் பிரதி ஒன்றை அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.