செம்பருத்திக் குச்சி வேர் விட்ட கதை

தொட்டியில் ஒரு செம்பருத்தி வளர்க்க வேண்டும் என்றால் நீங்கள் விதை தேடிப் போகமாட்டீர்கள். நம் வீட்டுச் செம்பருத்தி காய்ப்பதே அரிது. பக்கத்து வீட்டுச் செடியில் ஒரு கிளையைக் கேட்டு வாங்கி வந்து நடுவீர்கள். அப்போது வீட்டில் உள்ள பெரியவர் யாராவது, "தலைகீழா நட்டுடாதே" என்று எச்சரிப்பார். எது தலை, எது கால் என்று அந்தக் குச்சிக்கு எப்படித் தெரியும்? இக்கேள்விக்கு விடை காண அறிஞர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1878இல் ஜெர்மன் தாவரவியலார் ஹெர்மன் வோக்டிங் ஒரு நூல் வெளியிட்டார். வில்லோ மரக் கிளைத் துண்டுகளை அவர் ஈரக் காற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்திருந்தார். சிலவற்றை நேராக, சிலவற்றைத் தலைகீழாக. இரண்டிலும் வேர் பெரும்பாலும் மரத்தோடு ஒட்டியிருந்த முனையில்தான் தோன்றியது. தலைகீழாகத் தொங்கிய துண்டில் வேர் மேலே இருந்தது! ஆகவே புவியீர்ப்பை மட்டும் காரணமாகச் சொல்ல வழியில்லை. சில ஆண்டுகளுக்குள், அந்நாட்டின் ஜூலியஸ் சாக்ஸ், இலையில் உண்டாகும் ஏதோ ஒரு பொருள் கீழிறங்கி வேரைத் தோற்றுவிக்கிறது என்றார். அப்பொருளை எவரும் கண்டதில்லை.

அதைப் பிடித்துக் கொடுத்தது வேறொரு கேள்வி. 1880இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும், புல்லின் இளங்குருத்து வெளிச்சத்தை நோக்கி ஏன் வளைகிறது என்று ஆராய்ந்தனர். குருத்தின் நுனியை மூடினால் அது வளையவில்லை. வளைவது நுனிக்குக் கீழே. வெளிச்சத்தை உணர்வதோ நுனி. அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி இறங்குகிறது அல்லவா?

1926இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், இருபது வயதைச் சற்றே கடந்த பிரிட்ஸ் வென்ட் அந்தச் செய்தியைக் கையிலே பிடித்தார். ஓட்ஸ் குருத்தின் நுனிகளை வெட்டி அகார் கூழின்மேல் வைத்தார். பிறகு நுனிகளை அகற்றிவிட்டு, அக்கூழில் ஒரு சிறு துண்டை, நுனியிழந்த குருத்தின் ஒரு பக்கமாக ஒட்டி வைத்தார். இருட்டிலேயே குருத்து எதிர்ப்பக்கம் வளைந்தது! நுனியிலிருந்து கூழுக்குள் இறங்கிய பொருளே அதை வளைத்தது. ஓர் எல்லை வரை, பொருளின் அளவு கூடக் கூட வளையும் கோணமும் கூடியது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இவ்விடம் மிகவும் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தைக் கால்வனாமீட்டர் முள்ளின் விலக்கத்தால் அளக்கிறோம். வென்ட்டுக்கு ஒரு புல் குருத்தே முள்ளாயிற்று.

அப்பொருளுக்கு ஆக்சின் என்று பெயர் வந்தது. வேதியியலார் அதைத் தேடியது எதில் தெரியுமா? மனிதச் சிறுநீரில்! 1934இல் உட்ரெக்டில் கோகலும் உடனிருந்தோரும் அதிலிருந்து இண்டோல் அசிட்டிக் அமிலத்தைப் பிரித்தனர். (இதற்குமுன் அதே ஆய்வகம் அறிவித்த வேறு இரு 'ஆக்சின்'களைப் பிறகு எவராலும் மீண்டும் பெற முடியவில்லை. அறிவியலில் இப்படியும் நடப்பதுண்டு.) 1935இல், செயற்கையாகத் தயாரித்த அந்த அமிலம் தண்டில் வேரை உண்டாக்குவதை அமெரிக்காவில் திமனும் கெப்ளியும் காட்டினர். அதே ஆண்டு சிம்மர்மனும் வில்காக்சனும் இண்டோல் பியூட்டிரிக் அமிலமும் அவ்வாறே வேலை செய்வதைக் கண்டனர். இன்று உரக்கடையில் கிடைக்கும் வேர்த்தூள் பலவற்றில் இருப்பது இதுவே.

இப்போது உங்கள் குச்சிக்கு வாருங்கள். ஆக்சின் முக்கியமாகத் தளிரிலும் இளம் இலையிலும் உண்டாகி, நுனியிலிருந்து அடி நோக்கி, ஒவ்வொரு செல்லாகக் கடத்தப்படுகிறது. குச்சியைப் புரட்டினாலும் செல்களுக்குள் அந்தத் திசை மாறுவதில்லை. வெட்டிய அடியில் அது தேங்குகிறது. அங்கே வேர் பிறக்கிறது. ஆகவே பென்சில் கனமுள்ள, பாதி முற்றிய கிளையில் அரை அடி எடுத்து, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். உச்சியில் இரண்டு இலைகளையாவது விட்டுவையுங்கள். மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். வேரில்லாத குச்சி நீரை உறிஞ்சுவது கடினம். ஆகவே இலை வாடாதிருக்க ஒரு பாலித்தீன் பையால் மூடுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், சேறாக வேண்டாம். வேர்த்தூள் இருந்தால் சிறிது தொட்டுக்கொள்ளலாம்; அதிகமானால் மொட்டு கிளம்பாது. பொதுவாக ஒன்று, ஒன்றரை மாதத்தில் வேர் பிடித்துவிடும். நாள்தோறும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்துக் கெடுத்திருக்கிறேன்.

செடி ஒரு முழம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பதைத் திமனும் ஸ்கூகும் 1930களிலேயே காட்டிவிட்டார்கள். அங்கே வேறு ஊக்கிகளுக்கும் சர்க்கரைக்கும் பங்குண்டு என்பது பின்னர் தெரிந்தது. நுனி போனால் பக்க மொட்டுகள் கிளைக்கும். செம்பருத்தி பூப்பது அந்தப் புதுக் கிளைகளில்தான்.