பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே?

சென்னைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏமாந்துபோகும் இடங்களில் ஒன்று கடற்கரை ரயில் நிலையம். பெயரை நம்பி இறங்குவார்கள். வெளியே வந்தால் பர்மா பஜார் கடைகளின் வரிசை, ராஜாஜி சாலையின் இரைச்சல், எதிர்ச்சாரியில் தலைமை அஞ்சலகத்தின் செங்கல் கட்டடம். முதுகுப் பக்கம் துறைமுகத்தின் மதில். கால் நனைக்க ஆசைப்பட்டால் அதே நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறிச் சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்க வேண்டும்.

பெயர் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அங்கே கடற்கரைதான் இருந்தது. கோட்டை மதிலுக்கு அருகில் அலை வந்துபோன காலமும் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கும் 1844-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத் தூணைப் பார்த்தால், கடலுக்கும் அதற்கும் இடையில் எத்தனை பொருள்கள் வந்து உட்கார்ந்துவிட்டன என்பது புரியும். அவற்றில் பெரியது துறைமுகம். கரையின் வடிவத்தையும், தண்டவாளங்கள் ஓடும் திசையையும், யார் எங்கே வீடு கட்டிக்கொள்வது என்பதையும்கூட மாற்றிவிட்ட கட்டுமானம் அது.

இயற்கை அமைப்பைப் பார்த்தால் மதராஸ் துறைமுக நகரமாகியிருக்கவே கூடாது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற மணல் திட்டில் வளைகுடா கிடையாது, ஆழமான கழிமுகமும் கிடையாது. கூவத்தின் வாயை மணல் அடிக்கடி அடைத்துவிடும். கப்பல்கள் திறந்த கடலில் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரை சேர மசூலாப் படகுதான் கதி. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கி அடிக்கும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். அதை ஓட்டத் தெரிந்த மீனவர்கள் இல்லையென்றால் மதராஸ் வணிகம் ஒரு நாள்கூட நடந்திருக்காது. 1861-இல் இரும்புத் தூண்களின் மேல் ஒரு நீள்பாலம் கடலுக்குள் கட்டப்பட்டது. 1868-இலும் 1872-இலும் அடித்த புயல்கள் அதைப் பயனற்றதாக்கிவிட்டன.

ஆக, துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்று அமைவதற்கு முன்பே ரயில் கடற்கரைக்கு வந்துவிட்டது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கமுள்ள வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். கறுப்பர் நகரம் என்று அன்று அழைக்கப்பட்ட வணிகப் பகுதியை ஒட்டி, கடலோரத்தில், கோட்டைக்கு வடக்கே ராயபுரம் நிலையம் அமைந்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அந்த வண்டியை ஓட்டிய ரயில் கம்பெனியின் பாதை மேற்குக் கரையின் பேப்பூர் வரை நீண்டது. 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு கைகோத்தது. தக்காணத்துச் சரக்கெல்லாம் ரயிலில் விரைந்து வந்து, கடைசி ஒரு மைலுக்கு மசூலாப் படகை நம்பி மணலில் காத்துக் கிடந்தது. வணிகர்கள் துறைமுகம் கேட்டுக் குரல் எழுப்பியதில் வியப்பில்லை.

மதராஸ் கதையின் தனித்தன்மை இந்த வரிசையில்தான் இருக்கிறது. துறைமுகம் ரயிலை வரவழைப்பதே வழக்கம். இங்கே ரயில் துறைமுகத்தை இழுத்து வந்தது. வந்து சேர்ந்த துறைமுகமோ பயணிகள் ரயிலைக் கரையோரத்திலிருந்து தள்ளிவிட்டது.

ரயில் வந்தால் மட்டும் போதாது என்பதற்கு நாகப்பட்டினம் சாட்சி. 1861-இல் அங்கிருந்துதான் தென்னிந்தியப் பெரும் ரயில்வே தன் பாதையைத் தொடங்கியது. தலைமையகமும் அங்கேதான் இருந்தது. பழம்பெருமை வாய்ந்த பட்டினம், கடல் வணிகத்தில் கைதேர்ந்த மக்கள், வாசலில் ரயில். ஆனால் ஆழமான, பாதுகாப்பான துறைமுகம் கட்டப்படவில்லை. தலைமையகம் திருச்சிக்குப் போனது. பணிமனையும் 1920-களின் இறுதியில் பொன்மலைக்குப் போய்விட்டது.

மதராசில் 1875 டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பொறியாளர் வில்லியம் பார்க்ஸின் திட்டம் எளிமையானது. கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு அலைதாங்கிக் கரங்கள் நீளும். ‘ட’ போல மடங்கி ஒன்றையொன்று நெருங்கும். கிழக்குப் பார்த்த இடைவெளி கப்பல்களுக்கு வாசல். 1876-இல் வேலை தொடங்கியது. அனேகமாக முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், புயல் வந்தது. கான்கிரீட் பாளங்களைப் பெயர்த்து உள்ளே தள்ளியது. டைட்டன் எனப்பட்ட ராட்சதப் பாரந்தூக்கிகள் இரண்டையும் கடல் கொண்டது. மறுபடி கட்டி முடிக்க 1890-களின் நடுப்பகுதி ஆயிற்று.

புயலைவிடப் பெரிய எதிரி சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. சோழமண்டலக் கரையில் மணல் ஓயாமல் நடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் சாய்வாக அடித்து மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பி வரும். ஆண்டுக் கணக்கை நேர் செய்தால் வடக்கே போவதே மிகுதி. அந்த வழியில் துறைமுகத்தின் தெற்குக் கரம் அணைபோலக் குறுக்கே நின்றது. வந்த மணல் அங்கேயே தேங்கி, ஆண்டுக்கு ஆண்டு கரை கடலை நோக்கி நகர்ந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் அமைத்து மெரினா என்று பெயர் சூட்டிய உலாச்சாலைக்கு முன்னால் இன்று விரிந்து கிடக்கும் அகன்ற மணல்வெளியில் பெரும்பகுதி துறைமுகம் தந்த கொடை. வெயிலில் அந்த மணலைக் கடந்து அலையைத் தொடுவதற்குள் களைத்துப்போகிறவர்கள் பார்க்ஸைத்தான் திட்ட வேண்டும்.

தெற்கே தேங்கிய மணல் வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளுக்கு வரவு நின்றது. கடல் எடுத்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் கடலரிப்பு துறைமுகத்துக்கு முன்பும் உண்டு. கறுப்பர் நகரத்தின் முன்னால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கற்சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. ஆனால் துறைமுகத்துக்குப் பிறகு அது தீராத நோயாகிவிட்டது. குப்பங்கள் உள்வாங்கின, சாலைகள் சரிந்தன. இன்று திருவொற்றியூர் வரை போகிறவர் காண்பது கருங்கற்களைக் கொட்டிக் கட்டிய தடுப்பை. ஒரே அலைதாங்கி நகரின் ஒரு பாதிக்கு உலாவ மணல் கொடுத்து, மறு பாதியின் வாசலைப் பறித்தது. தென் சென்னை, வட சென்னை என்று இன்று பேசப்படும் ஏற்றத்தாழ்வுக்குக் காரணங்கள் பல. கடலடியில் எழுதப்பட்ட இந்தக் காரணம் மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை.

மணல், துறைமுகத்தின் வாசலையும் விட்டுவைக்கவில்லை. கிழக்கு வாயில் தூர்ந்து வந்தது. 1904-இல் துறைமுகப் பொறுப்பாட்சிக் கழகத்தின் தலைவராக வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார். கணிதமேதை ராமானுஜன் 1912-இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கராகச் சேர்ந்தது இவருடைய அலுவலகத்தில்தான் என்பதால் பலருக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய செய்தி வேறு. ஸ்பிரிங் அடிப்படையில் ரயில்வேப் பொறியாளர். கப்பல் கரையணைவது பாதி வேலைதான், இறங்கிய சரக்கு உடனே வண்டியேறிப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவர் காலத்தில் கப்பல் நேரடியாக அணையும் தளங்கள் எழுந்தன. துறைமுகத்துக்குள் வளர்ந்த தண்டவாளங்களின் மொத்த நீளம் பிற்காலத்தில் 60 கி.மீ.யைத் தாண்டியது. சிற்றூர் ஒன்றிலிருந்து இன்னொரு மாவட்டத் தலைநகருக்கே போய்விடலாம். அவ்வளவும் ஒரு மதிலுக்குள்.

ராயபுரத்தில் கப்பல் சரக்கும் பயணிகளும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டதால், நெரிசலைக் குறைக்க 1873-இல் பார்க் டவுனில் இரண்டாவது முனையம் கட்டப்பட்டது. அதுதான் சென்ட்ரல். நீண்ட காலம் அது இரண்டாம் இடத்திலேயே இருந்தது. 1907-இல் கடற்கரைப் பாதை தெற்கே நீட்டப்பட்டபோது ராயபுரம் முனையம் என்ற தகுதியை இழந்தது. வெளியூர் வண்டிகள் சென்ட்ரலுக்கு மாறின. மறு ஆண்டு எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டு, தெற்கே போகும் மீட்டர் கேஜ் வண்டிகளுக்குத் தலைவாசலாயிற்று. இந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் நகரின் முகம் திரும்பிவிட்டது. சூட்கேசோடு வருகிறவர் இறங்கும் ஊர் ஒன்று, மூட்டைகள் இறங்கும் ஊர் ஒன்று எனப் பாகப்பிரிவினை நடந்தது.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜில் நாட்டிலேயே முதல் மின்பாதை அது. துறைமுகத்தை ஒட்டி நின்ற வங்கிகள், கப்பல் கம்பெனிகள், ஏற்றுமதி அலுவலகங்கள் ஆகியவற்றில் வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கு இனி ஜார்ஜ் டவுன் சந்துக்குள் குடியிருக்கும் கட்டாயம் இல்லை. 1920-களில் மாம்பலத்தில் ஏரிப் படுகையில் மனை பிரித்துத் தொடங்கிய தியாகராய நகர் வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. மாம்பலம், சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம் எனத் தண்டவாளம் போன திசையில் வீடுகள் போயின. துறைமுகம் தந்த சம்பளம் தெற்கே குடித்தனம் நடத்தப் போய்விட்டது.

வடக்கே போனது சுமை. பேசின் பிரிட்ஜ், சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயர்களில் பக்கிங்காம் கால்வாயின் படகுத்துறையும் உப்புக் கிடங்குகளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கால்வாய் வணிகத்தின் மேல்தான் சரக்கு யார்டுகள் படிந்தன. பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள். துறைமுக வேலை தொடங்கிய அதே 1876-இல் பக்கிங்காம் ஆலை, 1881-இல் கர்நாடிக் ஆலை. இந்தப் பஞ்சாலைத் தொழிலாளர்களிடமிருந்துதான் 1918-இல் மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சுதந்திரத்துக்குப் பின் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் வந்தன. 1970-களில் துறைமுகத்தின் பாரதி துறையில் கச்சா எண்ணெய்க்கும் பெல்லாரி–ஹோஸ்பேட் இரும்புத் தாதுவுக்கும் தனித் தளங்கள் அமைந்தன. தாது ஏற்றிய நீள நீளமான வண்டிகள் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாகவே துறைமுகத்துக்குள் நுழைந்தன. கேட் மூடினால் எப்போது திறக்கும் என்பதை வைத்தே பள்ளிக்கும் வேலைக்கும் நேரம் கணக்கிட்ட தலைமுறை அங்கே வாழ்ந்தது.

அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தது ஒரு பெட்டி. 1983-இல் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டது. தாதுவும் நிலக்கரியும் ஆயிரக்கணக்கான டன்னாக ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்குப் போகும் சரக்குகள், ரயிலுக்கென்றே பிறந்தவை. கன்டெய்னர் அப்படியல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அம்பத்தூர் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு வாசல். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு முறை ஏற்றி இறக்கி ரயிலில் அனுப்ப யாரும் விரும்புவதில்லை. எனவே பெட்டிகள் லாரியேறின. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் மைல் கணக்கில் வரிசையாக நிற்பது வட சென்னையின் அன்றாடக் காட்சியானது. ஓட்டுநர் சமைத்து, தூங்கி, எழுந்தும் வரிசை நகராத நாள்கள் உண்டு. இதற்கு மருந்தாகத் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள்; கூவத்துக்குள் தூண் இறங்குகிறது என்று 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது; ஈரடுக்குச் சாலையாக 2022-இல் மீண்டும் அடிக்கல். பாதியில் நின்ற தூண்கள் கூவத்தின் ஓரம் ஏறத்தாழ பத்தாண்டுகள் மழையில் நனைந்தன.

இதற்கிடையில் துறைமுகமே நகரைவிட்டு வெளியே நடக்கத் தொடங்கிவிட்டது. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காக எண்ணூரில் கட்டப்பட்ட துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கியது. 2014 முதல் அது காமராஜர் துறைமுகம். நிலக்கரித் தூளும் தாதுத் தூளும் ராயபுரத்து வீடுகளில் படிவதைப் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட, 2011-இல் சென்னைத் துறைமுகம் தூசி கிளப்பும் சரக்கைக் கைவிட்டது. நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. ராயபுரம் மூச்சுவிட்டது, அத்திப்பட்டுப் பக்கம் கரி படிந்தது. சரக்கு இடம் மாறும்போது சுமையும் கூடவே போகிறது, அதுவும் வடக்கு நோக்கியே போகிறது. கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்து மீனவர்கள் எழுப்பும் புகார்களைப் படித்தால், நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ராயபுரம் கரை நினைவுக்கு வரும்.

நிலக்கரியும் தாதுவும் போன பிறகும் 2023–24-இல் சென்னைத் துறைமுகம் 5 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாண்டது. ஆனால் பயணிகளுக்கான வசதி தெற்குக்கே முதலில் போனது. மெட்ரோ ரயில் 2016-இல் விமான நிலையத்தை எட்டியது. திருவொற்றியூரைக் கடந்து விம்கோ நகரைத் தொட 2021 ஆயிற்று. நகரின் மூன்றாவது பெரிய முனையமும் தெற்கே தாம்பரத்துக்கே கிடைத்தது. ராயபுரத்தை மறுபடியும் முனையமாக்க வேண்டும் என்ற வட சென்னை மக்களின் பழைய கோரிக்கை நிறைவேறவில்லை. நாட்டில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது என்று போற்றப்படும் அந்தத் தூண் வைத்த கட்டடத்தை 2005-இல் புதுப்பித்தார்கள். அதன் முன்னால் புறநகர் வண்டிகள் வந்து நிற்கின்றன; வெளியூர் போகிறவர்கள் அவற்றில் ஏறிச் சென்ட்ரலுக்கோ எழும்பூருக்கோ போக வேண்டும்.