ஆஷ் கொலையும் ஒரு திரைப்படமும்

பத்தமடையில் சபை வாலிபர் கூடுகையொன்றில் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தை மீண்டும் காண நேர்ந்தது. முடிவில் வாலிபர் ஒருவர், "ஐயா, ஏகூத்தை இரட்சகன் என்று வாசிக்கும் நாம் வாஞ்சிநாதனை என்னவென்று சொல்வது?" என வினவினார். படத்தையும் வரலாற்றையும் பிரித்து நோக்காமல் இதற்கு மறுமொழி கூற இயலாதென்று கண்டோம்.

ம.பொ.சி.யின் நூலைத் தழுவி 1961-இல் பி. ஆர். பந்துலு எடுத்த இப்படம் ஒரே சீராக அமையவில்லை. வ.உ.சி.யாகச் சிவாஜி கணேசன் தோன்றும் சிறைக்காட்சிகள் கல்நெஞ்சையும் கரைக்கும். மாடசாமியின் காதற்பகுதியோ வேறொரு படத்திலிருந்து வந்ததுபோல் நிற்கிறது. ஆஷ் கொலையும் வ.உ.சி.க்கு இழைத்த கொடுமைக்கான பழியாகவே நம் மனத்தில் பதிகிறது.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில், மனைவியுடன் ரயில் பெட்டியில் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சி, தம்மையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். அவரிடம் கிடைத்த கடிதத்தில் வ.உ.சி.யின் பெயர் இல்லை; சுதேசிக் கப்பலும் இல்லை. அந்நியரை விரட்டிச் சுயராஜ்யம் நிறுவும் வேட்கை உண்டு. அதனோடு பிணைந்து, சனாதன தர்மம் மிதிபடுகிறதென்ற சீற்றமும், ஐந்து நாளில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் பசுவின் இறைச்சி தின்னும் மிலேச்சன் என்ற இகழ்ச்சியும் உள்ளன. இந்நாட்டு எளியோருள் எத்தனை பேர் அவ்விகழ்ச்சிக்குள் அடங்குவர் என்பதை நம் சபைகள் நன்கறியும். ஆயினும், அக்கடிதத்தைக் காட்டி ஆஷுக்குப் பரிந்து பேசுவோமாயின், 1908 மார்ச் 13-இல் திருநெல்வேலியில் சுடப்பட்டு மாண்ட நால்வரை மறந்தவர்களாவோம். (ஆளவந்தோருக்கு அருகிலிருந்த சபைக்கு அம்மறதி எளிதாகவே வந்திருக்கிறது.)

1942-இல் பிராக் நகரில் நாசித் தலைவன் ஹைட்ரிக் தாக்கப்பட்டு மாண்டான். மறு ஆண்டே ஃபிரிட்ஸ் லாங் அமெரிக்காவில் அதைப் படமாக்கினார். கொன்றவர்கள் ஆலய நிலவறையில் ஒளிந்திருந்து மாண்டதும், பொறுப்பைத் தம்மேல் ஏற்ற பேராயர் கோராஸ்ட் சுட்டுக்கொல்லப்பட்டதும் அப்படத்தில் இல்லை. அதன் கொலையாளி உயிர் தப்புகிறான். போர் நடுவே எடுத்த படத்தின் அவசரத்தை நாம் பொறுக்கலாம். பந்துலுவுக்கோ ஐம்பது ஆண்டு அவகாசம் இருந்தது.

வினவிய வாலிபரிடம் வாஞ்சியின் கடிதப் படியொன்றைக் கொடுத்தோம். அடுத்த கூடுகையில் அதனை உரக்க வாசிக்க அவர் இசைந்திருக்கிறார்.