வான்டர்பில்ட்: ஊரைவிட்டுப் போன ஊர்ப்பெயர்

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகருக்குக் கிழக்கே, அதனையொட்டி அமைந்துள்ள டே பில்ட் என்னும் ஊரை அந்நாட்டு மக்கள் வானிலை அறிக்கையின் வழியாகவே பெரிதும் அறிவர். 1854இல் தொடங்கப்பெற்ற அரச வானிலை ஆய்வு நிறுவனம் 1897இல் இவ்வூருக்கு இடம்பெயர்ந்ததிலிருந்து, நாட்டின் வெப்பநிலைக்கு டே பில்ட்டில் பதிவாகும் அளவையே சான்றாகக் கொள்வது வழக்கமாயிற்று. 'பில்ட்' என்பது மேட்டைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு தொடர்புடையதாகக் கொள்ளப்படுகிறது. ஒல்லாந்த மொழியில் 'வான்' என்பது 'இலிருந்து' என்னும் நீங்கற்பொருளைத் தரும் முன்னிடைச்சொல். அதனைத் தொடர்ந்து வரும்போது 'டே' என்னும் சுட்டுச்சொல் பழைய இலக்கணப்படி 'டர்' எனத் திரியும். ஆகவே, வான்டர்பில்ட் என்பது பில்ட்டிலிருந்து வந்தவர் என்ற அளவில் நின்றுவிடும் எளிய அடையாளமே தவிர, குலப்பெருமையோ பட்டமோ அன்று.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூ நெதர்லாந்து என்னும் ஒல்லாந்தக் குடியேற்றத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்து சேர்ந்த வான்டர்பில்ட் குடும்பத்தின் மூதாதை யான் ஆர்ட்சோன் என்றே அறியப்பட்டார். ஆர்ட் என்பவரின் மகன் யான் என்பதே அதன் பொருள். தந்தையின் பெயரையே மகனுக்கு அடையாளமாக்கும் இவ்வழக்கம் அக்கால ஒல்லாந்த எளியோரிடையே பரவலாக இருந்தது, நிலையான குடும்பப்பெயரை எல்லாரும் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஆணையோ நெப்போலியனின் ஆட்சியில் 1811இல்தான் அங்கே பிறந்தது. ஊர்ப்பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இட்டுப் பழகிய தமிழர்க்கு ஊரால் ஒருவரை அறிவது புதிதன்று. எனினும், டே பில்ட்டிலேயே இருந்திருந்தால் யான் ஆர்ட்சோனை எவரும் 'பில்ட்டிலிருந்து வந்தவர்' என்று அழைத்திருக்க மாட்டார்கள். ஊரை விட்டுப் போனவருக்கே அவ்வூரின் பெயர் தேவைப்பட்டது. 1664இல் ஆங்கிலேயர் அக்குடியேற்றத்தைக் கைப்பற்றிய பின், ஆங்கில வழக்கின் அழுத்தத்தால் தந்தைப்பெயர்கள் மெல்ல மறைந்து, இத்தகைய ஊர்ப்பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர்களாக இறுகின.

இவ்விறுக்கத்தின் தடம் எழுத்திலேயே தெரிகிறது. நெதர்லாந்தில் இன்றும் இத்தகைய பெயரை மூன்று சொற்களாகப் பிரித்தெழுதி, அகரவரிசையில் 'பி' என்னும் எழுத்தின் கீழ்த் தேடுவர், ஏனெனில் 'வான் டர்' வெறும் ஒட்டு என்பதை அம்மொழியினர் உணர்வர். அமெரிக்காவில் மூன்றும் ஒரு சொல்லாக உருகி 'வி' வரிசைக்குப் போய்விட்டன. 1794இல் ஸ்டேட்டன் தீவில் பிறந்து, பாய்மரப் படகில் நியூயார்க்குக்கு ஆளேற்றியவராகத் தொழில் தொடங்கி, நீராவிக் கப்பல்களையும் ரயில் பாதைகளையும் ஆண்ட கொர்னீலியஸ் வான்டர்பில்ட், 'வான் டர்பில்ட்' என இரண்டாகப் பிரித்துக் கையொப்பமிட்டதுண்டு. அவருக்குப் பின் வந்தோர் அந்த இடைவெளியையும் அடைத்துவிட்டனர். இலங்கையின் பறங்கியரிடையே வழங்கும் வான்டோர்ட் என்னும் பெயரிலும் டோர்ட்ரெக்ட் நகரின் சுருக்கமான 'டோர்ட்' இவ்வாறே ஒட்டிக் கிடக்கிறது.

ஊரிலிருந்து ஆளுக்கு வந்த பெயர், செல்வம் சேர்ந்ததும் ஆளிலிருந்து ஊருக்குத் திரும்பத் தொடங்கியது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு வான்டர்பில்ட் அவென்யூவும், அதன் முகப்பில் 2020இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 427 மீட்டர் உயரமுள்ள ஒன் வான்டர்பில்ட் கோபுரமும் உள்ளன. மிச்சிகன் மாநிலத்தில் வான்டர்பில்ட் என்றே ஒரு சிற்றூர் உண்டு. 1934 பிப்ரவரி 9 அன்று அங்குப் பதிவான சுழியத்துக்குக் கீழ் 51 டிகிரி பாரன்ஹீட் குளிரே அம்மாநிலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலுள்ள பல்கலைக்கழகமோ, 1873இல் கொர்னீலியஸ் தர இசைந்து பின்னர் ஏறத்தாழ 10 லட்சம் டாலராக வளர்ந்த கொடையால் எழுந்தது. அவர் அதை ஒருமுறையும் நேரில் கண்டதில்லை. படகுக்காரருக்கு மக்கள் வைத்த 'கமடோர்' என்ற பட்டப்பெயர், கடற்படைப் பதவி ஒன்றின் பெயராக இருந்தும், அப்பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்கு இன்றும் வழங்குகிறது.

இப்பெயர் கண்ட மாற்றங்களுள் மிக விந்தையானது அவருடைய பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் வான்டர்பில்ட்டின் கையால் நேர்ந்தது. வட கரோலினாவின் ஆஷ்வில் அருகே, ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு 1889 முதல் 1895 வரை 250 அறைகளுள்ள மாளிகை ஒன்றை எழுப்பிய அவர், முன்னோரின் ஊரைக் குறிக்கும் 'பில்ட்' என்பதோடு, திறந்த மேட்டுநிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லான 'மோர்' என்பதைச் சேர்த்து, பில்ட்மோர் என்று பெயரிட்டார். 'வான் டர்' உதிர்ந்து ஊர்ப்பெயர் மட்டும் தனித்து எஞ்சியது. பொருளைப் பார்த்தால் மேட்டின் மேல் மேடு. தோட்டத்தின் வாயிலருகே இருந்த பெஸ்ட் என்னும் சிற்றூரும் விலைக்கு வாங்கப்பட்டு பில்ட்மோர் ஆயிற்று.

அதன்பின் அப்பெயர் குடும்பத்தின் பிடியிலும் நிற்கவில்லை. 1913இல் நியூயார்க்கின் வான்டர்பில்ட் அவென்யூவை ஒட்டியே திறக்கப்பட்ட விடுதி பில்ட்மோர் என்ற பெயரை ஏற்றது. செல்வத்தின் மணம் வீசும் சொல்லாக அது மாறியதால், லாஸ் ஏஞ்சல்ஸில் 1923இலும், புளோரிடாவின் கோரல் கேபிள்ஸில் 1926இலும், அரிசோனாவின் பீனிக்ஸில் 1929இலும் எழுந்த விடுதிகள் அப்பெயரையே சூடின. நியூயார்க் விடுதியை நடத்திய ஜான் மெக்என்டீ போமன் கியூபாவின் ஹவானாவிலிருந்த செவில்லா விடுதியையும் வாங்கியபோது அது செவில்லா-பில்ட்மோர் ஆகி, ஒரு ஸ்பானிய நகரின் பெயரும் ஓர் ஒல்லாந்தச் சிற்றூரின் பெயரும் கரீபியத் தீவொன்றில் ஒரே பெயர்ப்பலகையில் ஏறின.