நாதமுனிகளின் யோகரகசியமும் மென்மை யோக மரபும்

முன்னுரை

கொச்சியை அடுத்த களமசேரியை ஒட்டி அமைந்துள்ளது திருக்காக்கரை. நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஒன்பதாம் பத்தில் திருக்காட்கரை எனப் பாடிய தலம் இதுவேயாகும். நெஞ்சும் உயிரும் உருகிக் கரையும் நிலையைப் பேசுவது அப்பதிகம். இன்று கொச்சியிலும் சூழவுள்ள ஊர்களிலும் ஆயுர்வேத மருத்துவத்துடன் மென்மையான யோகப் பயிற்சியும் உடல், உள நலத்திற்கென வழங்கப்பெறுகின்றது. மூச்சோடு இயைந்த எளிய அசைவு, பயில்வோரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற மாற்றம் ஆகியன இப்பயிற்சியின் இயல்புகள்.

இம்முறை உலகெங்கும் பரவக் காரணமானவர்களுள் முதன்மையானவர் தி. கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989). அவர் தம் முறைக்கு மூலமாக, நம்மாழ்வார் வழிவந்த நாதமுனிகளின் ‘யோகரகசியம்’ என்னும் நூலைச் சுட்டினார். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளே மென்மை யோகத்திற்கும் மூலவர் எனின், அது தமிழ் இலக்கிய வரலாற்றில் பதிவுபெற வேண்டிய செய்தியாகும். அக்கருத்து எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குருபரம்பரை தரும் செய்திகள்

நாதமுனிகள் வீரநாராயணபுரம் எனப்பட்ட காட்டுமன்னார்கோயிலில் தோன்றியவர். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவர் என்பர். திருக்குருகூர் சென்று, மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பினை 12,000 முறை ஓதி, யோகநிலையில் நம்மாழ்வாரிடமிருந்து நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை தரும் செய்தி. நாலாயிரத்தோடு யோக நெறியையும் அவர் பெற்றதாக மரபு கூறும். நியாயதத்துவம், யோகரகசியம் என இரு வடமொழி நூல்கள் அவர் பெயரில் சுட்டப்பெறுகின்றன. நியாயதத்துவத்தின் சில பகுதிகளேனும் வேதாந்த தேசிகரின் நூல்களில் மேற்கோள்களாக எஞ்சியுள்ளன. யோகரகசியமோ மறைந்த நூலாகவே கருதப்பட்டு வந்தது.

மறுப்பும் இழப்பும்

யோக நெறி எவ்வாறு மறைந்தது என்பதற்கும் குருபரம்பரை விளக்கம் தருகின்றது. நாதமுனிகள் தம் மாணவர்களுள் குருகைக் காவலப்பனுக்கு யோகத்தை உபதேசித்தார். மற்றொரு மாணவரான உய்யக்கொண்டாரிடம் எதனை விரும்புகிறீர் என வினவியபோது, அவர் யோகத்தை ஏற்கவில்லை. உலகோர் துயரில் அழுந்திக் கிடக்கையில் தாம் தனித்திருந்து யோக இன்பம் துய்த்தல் தகாது என்பது அவர் கருத்து. அவர் பிரபந்தப் பொருளை ஏற்று, அதனைப் பிறர்க்கு உணர்த்தும் பணியை மேற்கொண்டார்.

பின்னர் நாதமுனிகளின் பெயரரான ஆளவந்தார், காவலப்பனிடம் யோகம் பயில விழைந்தார். காவலப்பன் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார். இடையில் அரையர், திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் திருவனந்தபுரம் குறித்த பதிகத்தைப் பாடக் கேட்ட ஆளவந்தார், உள்ளம் நெகிழ்ந்து அத்தலத்திற்குச் சென்றுவிட்டார். குறித்த நாள் அதுவே என்பது திருவனந்தபுரத்தில்தான் அவர் நினைவுக்கு வந்தது. காவலப்பனோடு யோக நெறியும் மறைந்தது.

இக்கதைகளை வரலாற்று நிகழ்ச்சிகளாக அப்படியே கொள்ள இயலாது. எனினும், வைணவ ஆசாரிய மரபு தன்னை எவ்வாறு உணர்ந்தது என்பதற்கு இவை சான்றாகின்றன. யோகம் தனியொருவரின் பேறு; பிரபந்தம் எல்லோர்க்கும் உரியது. இவ்விரண்டனுள் மரபு பின்னதைத் தேர்ந்தது. உய்யக்கொண்டார் மறுத்தது யோகத்தின் உண்மையை அன்று. அதன் தனிமையையே ஆகும்.

கிருஷ்ணமாச்சாரியாரின் யோகரகசியம்

கிருஷ்ணமாச்சாரியார் கருநாடகத்தின் சித்திரதுர்க்கா பகுதியில் நாதமுனிகளின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கருதிய குடியில் பிறந்தவர். தமது பதினாறாம் அகவையில் ஆழ்வார் திருநகரிக்குச் சென்றபோது, தம்மை மறந்த நிலையில் நாதமுனிகளைக் கண்டு யோகரகசியத்தைக் கேட்டதாக அவர் கூறினார். நாதமுனிகள் நம்மாழ்வாரிடம் பிரபந்தம் பெற்ற அதே தலத்தில், அதே முறையில் இந்நூலும் பெறப்பட்டதாகச் சொல்லப்படுவது கருதத்தக்கது.

1933இல் மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் அவர் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கினார். 1934இல் கன்னடத்திலும் 1938இல் தமிழிலும் ‘யோக மகரந்தம்’ வெளிவந்தது. யோகசாலையில் பயின்றோர் பெரும்பாலும் இளஞ்சிறார். பயிற்சியும் விரைவும் வலிமையும் மிக்கது. மைசூரிலும் அவர் நோயாளர்க்கு யோகம் கற்பித்ததுண்டு. ஆயினும், 1950இல் யோகசாலை மூடப்பட்டபின் சென்னைக்கு வந்த காலத்தில்தான் அது அவருடைய முதன்மைப் பணியாயிற்று. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட வழக்கறிஞர் ஒருவருக்குப் பயிற்சியளிக்கவே அவர் சென்னைக்கு அழைக்கப்பெற்றார். முதியோரும் பெண்டிரும் நோயுற்றோரும் அவரிடம் தனித்தனியே பயின்றனர். அவர் மகன் தி. கி. வ. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். அந்நிறுவனமே 1998இல் யோகரகசியத்தை வெளியிட்டது.

நூலின் காலம்

இந்நூல் நாதமுனிகள் இயற்றியதே என ஏற்பதில் தடைகள் உள. ஒன்று, இதற்கு ஓலைச்சுவடியோ பிற படியோ ஆதாரமாக இல்லை. கிருஷ்ணமாச்சாரியாரின் வாய்மொழியே மூலம். இரண்டு, நூலின் உள்ளடக்கம் அவருடைய சென்னைக் காலப் பணியோடு நெருங்கிப் பொருந்துகின்றது. பயில்வோரின் வயது, வலிமை, வாழ்நிலை ஆகியவற்றிற்கேற்ப யோகம் மாற வேண்டும்; பெண்கள், குறிப்பாகக் கருவுற்றோர், யோகத்திற்கு உரியவர்; நோய் நீக்கத்திற்கு மூச்சுப்பயிற்சி இன்றியமையாதது என்பன இந்நூல் வற்புறுத்தும் கருத்துகள். அவர் முறையின் மற்றொரு கூறான ஆசன அமைப்பையும் ஆய்வாளர் ஐயுற்றுள்ளனர். நார்மன் சியோமன் (1996), மார்க் சிங்கிள்டன் (2010) ஆகியோர் மைசூர் ஆசன முறையில் இருபதாம் நூற்றாண்டு உடற்பயிற்சிகளின் கலப்பைக் காட்டியுள்ளனர்.

எனவே, கிடைக்கும் யோகரகசியத்தைப் பத்தாம் நூற்றாண்டு யோகத்திற்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. அதனை இருபதாம் நூற்றாண்டு நூலாகக் கொள்வதே ஆய்வு முறைக்கு ஏற்றது. இவ்வாறு கொள்வதால் நூலின் பெருமை குறைவதில்லை. கனவிலும் யோகநிலையிலும் நூல் பெறுதல் நம் மரபில் ஏற்கப்பட்ட ஒரு முறையே. நாலாயிரமே அவ்வாறு கிடைத்ததாக நம்பும் மரபில் வந்தவர் அவர். தம் பட்டறிவை முன்னோர் பெயரால் உரைப்பது அவருக்குப் பொய்யுரையாகத் தோன்றியிராது.

முடிவுரை

மென்மை யோகத்தின் தொன்மையை நாட்ட நாதமுனிகளைச் சான்று காட்டுவோர், அதன் உண்மையான வரலாற்றுச் சிறப்பைக் காணத் தவறுகின்றனர். துயருறும் உலகோர்க்குப் பயன்படாத யோகம் வேண்டா என்றார் உய்யக்கொண்டார். துயருறுவோர்க்கென்றே யோகத்தை மாற்றியமைத்தார் கிருஷ்ணமாச்சாரியார். நூலாசிரியர் யார் என்னும் வினாவைக் காட்டிலும் இம்மாற்றமே குறிக்கத்தக்கது. தனியொருவரின் பேறாக இருந்து மறைந்த ஒன்று, எழ இயலாத முதியவர் நாற்காலியில் அமர்ந்தே பயிலும் மூச்சாக மீண்டு வந்துள்ளது.

இலக்கிய வரலாற்று நூல்களில் யோகரகசியம் இரு பதிவுகளாக அமைதல் வேண்டும். நாதமுனிகள் பெயரால் வழங்கி மறைந்த நூல் ஒன்று. கிருஷ்ணமாச்சாரியார் வாய்மொழியாக அமைந்து 1998இல் அச்சேறிய நூல் மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது முன்னவருக்கும் நீதியன்று, பின்னவருக்கும் நீதியன்று.