காலித் துறையிற் கற்ற பாடம்

கடலோசை கேட்டுத் துயில்பவர் நாம். காற்று அடங்கிய இரவுகளிலே ஆலையடிவேம்பின் வீடுகளுக்குள்ளும் அதன் இரைச்சல் வந்து புகும். எனினும் அக்கடலின் அடியிலே என்ன கிடக்கின்றது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. கப்பல் மூழ்கிய கதை என்றால், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையான ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அதனோடு மாண்டனர். அது போர்க்கப்பல், அதன் முடிவும் போரிலேயே நேர்ந்தது. நான் இங்கு எழுதப் புகுந்ததோ அத்தகைய வீரக்கதையன்று. பாக்கு ஏற்றிக்கொண்டு நின்ற ஒரு பழங்கப்பலின் கதை.

பாதிரிமார் நிறுவிய பள்ளியொன்றிலே படித்தவன் நான். அங்கே வரலாறு என்பது எனக்கு ஆண்டுகளின் அட்டவணையாகவே இருந்தது. 1505இற் போர்த்துக்கேயர் வந்தனர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை ஓட்டினர். 1796இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரை ஓட்டினர். பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆசிரியர் நன்றாகவே கற்பித்தார், குறை என்னுடையதே. அந்த ஆண்டுகளுக்கு இரத்தமும் தசையும் உண்டு என்பதை உணர நான் காலிக்குப் போகவேண்டியிருந்தது.

பல்கலைக்கழக விடுமுறையொன்றிலே நண்பர் இருவருடன் பொத்துவில், மொனறாகலை, வெல்லவாய வழியாகத் தென்கரையை அடைந்து, மாத்தறை கடந்து காலிக்குச் சென்றேன். கோட்டையின் பழைய வாயிலிலே சற்று நின்று பார்த்தல் வேண்டும். வெளிப்புறத்தில் ஆங்கில அரசின் இலச்சினை. உட்புறத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினையும் 1669 என்ற ஆண்டும். நுழையும்போது ஒரு யுகம். உள்ளே சென்று திரும்பிப் பார்த்தால் மற்றொரு யுகம்! அவ்வாயிலின் மேலாகச் செல்லும் நீண்ட பண்டகசாலையே இன்று கடல்சார் தொல்பொருள் நூதனசாலையாக விளங்குகின்றது. ஒல்லாந்தர் பண்டங்களைக் குவித்து வைத்த இடத்திலே இப்பொழுது கடலடியிலிருந்து மீட்ட பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன.

ஒல்லாந்தர் நமக்கு அந்நியராயினும் அறியாதவர் அல்லர். அவர்களுடைய கப்பல் இலங்கையில் முதன்முதல் வந்து தரித்தது, 1602ஆம் ஆண்டிலே, நம் மட்டக்களப்புக் கரையிலேதான். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, இரண்டாண்டுகளின் பின் 1640இற் காலியையும் பிடித்தனர்.

இனி அந்தக் கப்பலுக்கு வருவோம். அதன் பெயர் ‘அவொண்ட்ஸ்டர்’. ஒல்லாந்த மொழியில் மாலைவெள்ளி என்பது பொருள். ஆனால் அது பிறந்தபோது ஒல்லாந்தக் கப்பலன்று. ‘ஜோன் அண்ட் தோமஸ்’ என்னும் பெயருடன் ஆங்கிலேயரிடம் இருந்து, பின்னர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் கையில் ‘பிளெசிங்’ எனப் பெயர் மாறி, 1653இல் இரு நாடுகளும் போரிட்ட காலத்தில் ஒல்லாந்தராற் சிறைபிடிக்கப்பட்டு மாலைவெள்ளியாயிற்று. வயது முதிர்ந்தபின் ஆசியக் கரைகளுக்கிடையே சரக்கேற்றும் தொழிலே அதற்கு வாய்த்தது. 1659ஆம் ஆண்டிலே தென்னிந்தியக் கரைக்குக் கொண்டுசெல்லும் பாக்கை ஏற்றிக்கொண்டு காலித் துறையில் நின்றது. ஓரிரவு நங்கூரம் பிடி தளர்ந்தது. கப்பல் மெல்ல நகர்ந்து கரையோர மணலில் மோதி உடைந்தது. நடுக்கடலிற் புயலுமில்லை, எதிரியின் பீரங்கியுமில்லை. துறைமுகத்துக்குள்ளேயே, பிடி தளர்ந்த ஒரு நங்கூரத்தால் அதன் கதை முடிந்தது.

அன்றைய கம்பனியார்க்கு இது ஒரு கணக்குப் புத்தக நட்டமேயன்றி வேறன்று. ஆனால் மணல் அதனை மூடிக் காத்தது. காற்றும் மரந்துளைக்கும் புழுவும் அணுகாதபடி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கே கிடந்தது. 1993இல் ஆய்வாளர் அதனைக் கண்டறிந்தனர். கடலடியின் மணல் அரித்துச் செல்லப்பட்டுக் கப்பல் வெளித்தெரியத் தொடங்கியதால், 2001ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு இளைஞர்களே நீரில் மூழ்கி அகழத் தொடங்கினர். பொற்குவியலா கிடைத்தது? இல்லை. செங்கல்லாற் கட்டிய சமையலடுப்பு, மரப் பீப்பாய்கள், கயிறுகள், மண்சாடிகள் ஆகியவையே கிடைத்தன. அவற்றைப் பார்த்தபோது என் உள்ளம் நெகிழ்ந்தது. யாரோ ஒருவன் அந்த அடுப்பின் முன் குந்தியிருந்து பசித்தவர்க்கு உலை வைத்திருப்பான் அல்லவா? அட்டவணையில் நான் கண்ட 1658க்கும் 1796க்கும் இடையிலே அந்த அடுப்பு எரிந்திருக்கிறது!

எடுத்த பொருளைக் காப்பது அகழ்வதினும் கடினமாம். நூற்றாண்டுக் கணக்காய் நீரூறிய மரத்தை வெயிலிற் காயவிட்டால் சுருங்கி வெடித்துப்போகும். உப்பேறிய இரும்பு காற்றுப் பட்டதும் துருவாய் உதிரும். ஆகவே நன்னீர்த் தொட்டிகளில் நெடுங்காலம் ஊறவைத்து உப்பை அகற்றி, மரத்தினுள் மெழுகு போன்ற பொருளைச் சிறிது சிறிதாக ஊட்டுதல் வேண்டும். அவ்வாறு காத்துவந்த ஆய்வுகூடம் காலியின் கடலோரத்திலே இருந்தது. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அதற்குள் புகுந்தது. மீட்டெடுத்த பொருள்கள் பலவற்றைக் கடல் திரும்ப வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்தனர்; புதுப்பித்த நூதனசாலை 2010இல் திறக்கப்பட்டது.

இதனை வாசித்தபோது என்னால் அவ்விடத்தை விட்டு அகல இயலவில்லை. அந்த நாளை நம் பகுதியினர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று நான் கைக்குழந்தை. கடற்கரையோரம் இருந்த அம்மம்மாவின் வீட்டிலே ஓர் இரும்புப் பெட்டி இருந்ததாம். மூன்றாம் நாள் அது தாழம்புதருக்குள்ளே கிடந்தது. உள்ளே மணல். இவ்வளவே எங்கள் குடும்பத்தில் வழங்கும் கதை.

ஊர் திரும்பியதும் அம்மம்மாவிடம், பெட்டிக்குள் என்னென்ன இருந்தன என்று கேட்டேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, “பெட்டி போயிட்டு எண்டுதான் எல்லாரும் சொல்லுவாங்க மனே. உள்ளுக்குள்ள என்ன கிடந்த எண்டு ஒருத்தரும் கேக்கல்ல” என்றார். காணி உறுதி, அம்மாவின் ஓலைச் சாதகம், நான் ஒருபோதும் கண்டிராத அம்மப்பாவின் ஒரேயொரு படம் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். அந்தப் படத்தில் அம்மப்பா எந்தப் பக்கம் தலை சாய்த்திருந்தார் என்பது வரை சொன்னார். நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். படம் திரும்பி வரவில்லை; ஆனால் அது இருந்தது என்பதற்கு இன்று ஒரு சான்று உண்டு.

மாலைவெள்ளியின் கதை நமக்குத் தெரிய வந்தது எங்ஙனம்? மணல் காத்தது பாதி. எழுத்துக் காத்தது பாதி. ஒல்லாந்தக் கம்பனியார் எதனையும் எழுதி வைத்தவர்கள். அச்சுவடிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்த்தது. ஆனால் அந்தப் பாக்கை மரமேறிப் பறித்தவர், உரித்தவர், மூடை சுமந்தவர் ஆகியோரின் பெயர்களை நூதனசாலையின் எந்தப் பலகையிலும் நான் காணவில்லை. எழுதியவன் வரலாற்றில் இருக்கிறான். எழுதாதவன் சுமந்தவனாயினும் இல்லை.

எழுதியதும் பேணாவிடின் பயனில்லை என்பதற்கும் அதே காலி சான்று. சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிலும் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாராகிய திருமாலையும், பாரசீகப் பகுதி இசுலாமியர் வழிபடும் இறைவனையும் போற்றுகின்றன. மும்மதத்தார்க்கும் ஒரே கல்! நம் கரையில் தமிழரும் முசுலிம்களும் சிங்களவரும் அயலவராய் வாழ்வதற்கு இதனினும் நல்லதோர் உவமை வேண்டுமோ? அத்தகைய கல் 1911இற் கண்டெடுக்கப்பட்டபோது காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாய்க் கிடந்தது. இன்று அது கொழும்பு நூதனசாலையில் உள்ளது.

மன்றத்துத் தோழர்களே, பண்டகசாலையும் சுழியோடிகளும் நம்மிடம் இல்லை. ஆயினும் கொப்பியும் பேனையும் உண்டு. நம் வீட்டுத் திண்ணைகளிலே, வெள்ளத்தையும் சூறாவளியையும் இடப்பெயர்வையும் ஆழிப்பேரலையையும் கண்ட பெரியோர் இருக்கின்றனர். ஆண்டுதோறும் அவர்களிற் சிலர் நம்மைப் பிரிகின்றனர். அடுத்த மலர் வெளிவருமுன் நாம் ஒவ்வொருவரும் ஒரு பெரியவரிடம் சென்று, அவர் வீட்டிலிருந்து தொலைந்துபோன பொருள்களையும் அவற்றின் கதைகளையும் கேட்டு எழுதி மன்றத்தில் ஒப்படைப்போமாக. பெரியோர்களே, நாங்கள் வந்து கேட்கும்போது, “இதெல்லாம் எதற்கு” என்று சொல்லித் திருப்பி அனுப்பாதிருக்க வேண்டுகிறேன்.

நங்கூரம் பிடி தளர்வது பெரும்பாலும் இரவிலேதான். எல்லாரும் துயிலும் வேளையிலேதான். ஒருவராவது விழித்திருத்தல் நன்று.